கண்ணைப் படம் வரைந்து வைத்த தஞ்சை மன்னர் சரபோஜி

இன்று ஷா ஆலம் மாநகரம் இருக்கும் இடம் ஒரு காலத்தில் சுங்கை ரெங்கம் என்று அழைக்கப்பட்ட ரப்பர், செம்பனைத் தோட்டப் பகுதி. அங்கும் கிள்ளான் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் பால்மரம் வெட்டிய நம் முன்னோர்களில் பலர், தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து புறப்பட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். வயதான காலத்தில் பார்வை மங்கி, லயத்து வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து காலத்தைக் கழித்த பாட்டன் பாட்டிகள் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர். அவர்களுக்கு என்ன நோய், எப்போது தொடங்கியது, என்ன மருந்து போட்டார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வயசாகிவிட்டது, கண் போய்விட்டது என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது.

ஆனால் அவர்கள் கப்பலேறுவதற்கு வெகு காலம் முன்பே, அதே தஞ்சாவூரில், கண் நோயாளிகளின் பெயரையும் நோயையும் ஏட்டில் எழுதி, கண்ணைப் படமாகவும் வரைந்து வைத்த ஒரு மன்னர் இருந்தார். அவர்தான் இரண்டாம் சரபோஜி. சரசுவதி மகால் நூலகத்தால் அவர் பெயர் நம்மில் பலருக்குத் தெரியும். கண் மருத்துவத்துக்கு அவர் செய்தது அவ்வளவாகத் தெரியாது.

ஆட்சி இல்லாத அரசர்

சரபோஜி 1777-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் பிறந்தார். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் துளஜாவுக்குப் பிள்ளை இல்லை. 1787-இல் தாம் இறக்கும் தறுவாயில் சரபோஜியைத் தத்து எடுத்துக்கொண்டார். அப்போது பிள்ளைக்கு வயது பத்துகூட நிறையவில்லை. அரியணையோ மன்னரின் தம்பி அமர்சிங்கின் கைக்குப் போனது. இளவரசர் அரண்மனைக்குள்ளேயே அடைபட்டார், படிப்பும் தடைப்பட்டது.

அவருக்குக் காவலாக நின்றவர் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். துளஜா தம் பிள்ளையை அவர் பொறுப்பில்தான் விட்டிருந்தார். சரபோஜியைச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைக்க வழி செய்தவர் அவரே. அங்கே ஆங்கிலமும் ஐரோப்பிய அறிவியலும் இளவரசருக்குக் கைவந்தன. 1798-இல் ஆங்கிலேயரின் துணையோடு அவர் அரியணை ஏறினார். தம்மை வளர்த்த பாதிரியார் அதே ஆண்டின் தொடக்கத்தில் இறந்துவிட்டதால், அந்த முடிசூட்டைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

மறு ஆண்டே நிலைமை மாறியது. 1799-இல் செய்த ஒப்பந்தத்தின்படி நாட்டு நிர்வாகம் முழுவதும் கும்பினியார் கைக்குப் போய்விட்டது. மன்னருக்கு மிஞ்சியது தஞ்சைக் கோட்டையும், ஆண்டுதோறும் ஒரு தொகையும், வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும். படை நடத்த வேண்டியதில்லை, வரி வாங்க வேண்டியதில்லை. இப்படி ஒரு நிலை வந்தால் ஆடல் பாடலிலும் வேட்டையிலும் வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அப்போது அவருக்கு வயது 22.

சரபோஜி வேறு வழியில் போனார். ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். 1805-இல் அரண்மனையில் அச்சுக்கூடம் அமைத்தார். ஒரத்தநாட்டில் முத்தாம்பாள் பெயரில் சத்திரம் கட்டி, வழிப்போக்கருக்குச் சோறும் பிள்ளைகளுக்குப் படிப்பும் கிடைக்கச் செய்தார். 1826-இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா பிஷப் ஹீபர், லவாய்சியர், லின்னேயஸ் போன்ற ஐரோப்பிய அறிஞர்களின் ஆய்வுகளைப் பற்றி ஓர் இந்திய மன்னர் சரளமாகப் பேசுவதைக் கேட்டு வியந்து எழுதினார்.

தன்வந்திரி மகால்

மருத்துவத்துக்கென்று அவர் அமைத்தது தன்வந்திரி மகால். அங்கே சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன. மனிதருக்கு மட்டுமல்லாமல் விலங்குகளுக்கும் மருந்து தயாரானது. எந்த முறை உயர்ந்தது என்ற வாதத்தைவிட, எந்த மருந்து எந்த நோய்க்குப் பலன் தந்தது என்பதே அங்கே பெரிது. சோதித்துத் தேர்ந்த மருந்துகளைப் புலவர்களைக் கொண்டு தமிழ்ப் பாடல்களாக்கினார்கள். அவைதான் சரபேந்திர வைத்திய முறைகள். மன்னரின் தாய்மொழி மராத்தி. ஆனாலும் ஊர் மக்களுக்குப் போய்ச் சேர வேண்டியது தமிழில் எழுதப்பட்டது. கண் நோய்களுக்கென்றே அதில் ஒரு பகுதி உண்டு.

எல்லாவற்றிலும் அரியது, கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்பேடுகள். நாற்பதுக்கும் மேற்பட்டவை சரசுவதி மகாலில் இருக்கின்றன. ஆங்கிலத்திலும், மராத்தியை எழுதப் பயன்பட்ட மோடி எழுத்திலும் எழுதப்பட்டவை. நோயாளி யார், என்ன குறையோடு வந்தார், கண் எந்த நிலையில் இருந்தது, என்ன சிகிச்சை நடந்தது என்ற விவரங்கள் அவற்றில் உள்ளன. சிலவற்றோடு நோயுற்ற கண்ணின் வண்ணப் படமும் இருக்கிறது. புகைப்படக் கலை உலகுக்கு அறிமுகமானதே 1839-இல்தான். அதற்கு முன்பே, இன்று கண் கிளினிக்கில் இயந்திரம் படம் எடுப்பதைப்போல, தஞ்சையில் ஓவியர் ஒருவர் கண்ணை உற்றுப் பார்த்து வரைந்திருக்கிறார்.

மன்னரே அறுவைச் சிகிச்சை செய்வார் என்றும், போகுமிடமெல்லாம் கருவிப் பெட்டியைக் கொண்டு செல்வார் என்றும் தஞ்சை வட்டாரத்தில் சொல்வது உண்டு.

வலியோடு நடந்த அறுவை

அந்தக் காலத்துக் கண் அறுவை எப்படிப்பட்டது என்று நினைத்துப் பார்த்தால்தான் இந்த ஏடுகளின் அருமை விளங்கும். கண்மணிக்குப் பின்னால் உள்ள வில்லை வெளுத்து, ஒளியை மறைப்பதுதான் கண்புரை. ஊசியால் குத்தி அந்த வில்லையைக் கண்ணுக்குள்ளேயே கீழே தள்ளிவிடுவது நம் நாட்டின் பழைய முறை. பார்வை சட்டென்று வரும். ஆனால் பின்னால் சீழ் பிடித்தோ அழுத்தம் ஏறியோ கண்ணே போய்விடுவதும் உண்டு. வில்லையை வெளியே எடுத்துவிடும் முறையைப் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் டாவியேல் 1747-இல் செய்து காட்டினார். எந்த முறையானாலும் நோயாளி விழித்தபடியே வலியைத் தாங்க வேண்டும். கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்து 1884-இல்தான் வந்தது.

இவ்வளவு ஆபத்தான வேலையில் மருத்துவரின் ஞாபகத்தை மட்டும் நம்ப முடியாது. மனித மனம் குணமானவரைத்தான் நினைவில் வைக்கும், குணமாகாதவரை மறந்துவிடும். ஏடு அப்படி மறக்காது. பத்துப் பேரின் குறிப்பை அருகருகே வைத்துப் பார்த்தால்தான் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பது தெரியும். மருத்துவ ஆராய்ச்சி என்பதன் அடிப்படையே இதுதான். லண்டனில் மூர்ஃபீல்ட்ஸ் கண் மருத்துவமனை 1805-இல் தொடங்கியது. சென்னையில் அரசாங்கக் கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. கண்ணுக்கெனத் தனி மருத்துவம் உலகில் வேரூன்றிய அதே காலத்தில் தஞ்சையும் அந்த வேலையில் இறங்கியிருந்தது.

ஏடு பேசுகிறது

சரபோஜி 1832 மார்ச் 7-ஆம் நாள் மறைந்தார். அவர் மகன் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் அரச பட்டமும் முடிந்தது. நூலகம் மட்டும் நிலைத்தது. 1918-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. நம் காலத்தில் சென்னை சங்கர நேத்ராலயாவைத் தோற்றுவித்த டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத் உள்ளிட்ட மருத்துவர்கள் அந்தக் கண் குறிப்பேடுகளை ஆராய்ந்து மருத்துவ இதழில் எழுதினார்கள். எழுதி வைத்தவர் போய் வெகு காலம் ஆன பிறகும் ஏடு பேசியது.

நம் நாட்டிலும் அந்த வேலை நடக்கிறது. 2002 முதல் மலேசியாவில் கண்புரை அறுவைச் சிகிச்சைக்கென்று ஒரு பதிவேடு உண்டு. அரசாங்க மருத்துவமனைகளில் அறுவை செய்தவர்களுக்குப் பார்வை எவ்வளவு திரும்பியது, என்ன சிக்கல் வந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகின்றன. கண் கிளினிக்கில் தாதி கேட்கும் கேள்விகளுக்கு நாம் பொறுமையாகச் சொல்லும் பதில், பின்னால் வரும் இன்னொருவரின் கண்ணைக் காப்பாற்றலாம்.

நம் வீடுகளில் இன்னும் தள்ளிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பேரனின் கல்யாணம் முடியட்டும், தீபாவளி போகட்டும் என்று நாள் கடத்துகிறார்கள். கண்புரை காத்திருந்தாலும், இனிப்புநீர் விழித்திரையில் செய்யும் சேதம் காத்திருக்காது. அது வலியில்லாமல் வரும். பார்வை மங்கியது தெரியும்போது காலம் கடந்திருக்கும். இனிப்புநீர் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கிளினிக் அட்டையையும் பழைய ரிப்போர்ட்டுகளையும் தூக்கி எறியாமல் ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள்.

கோட்டைக்கு வெளியே ஓரடி நிலமும் ஆள முடியாத ஒரு மன்னர், யாரோ ஓர் ஏழையின் கண்ணை உற்றுப் பார்த்து எழுதி வைக்கச் செய்தார். அந்தச் சீமையிலிருந்து வந்த நாம், நம் வீட்டுப் பெரியவர்களின் கண்ணைப் பற்றி நாலு வரியாவது எழுதி வைக்கலாமே.