தீவுக் குடிசையில் சவேரியார்

1552-ம் ஆண்டு, நவம்பர் மாதம். சீன தேசத்தின் தென்கரைக்கு எதிரே சான்சியன் என்று ஒரு சிறு தீவு. அதன் கடற்கரையில் ஒரு குடிசை. வெளியே குளிர்காற்று வீசுகிறது. உள்ளே 46 வயதான ஒருவர் கடுங்காய்ச்சலில் படுத்திருக்கிறார்.

அவர்தான் பிரான்சிஸ் சேவியர். தமிழ் மக்கள் அவரைச் சவேரியார் என்று அழைக்கிறார்கள்.

பிரபு வீட்டுப் பிள்ளை

ஸ்பெயினின் வடக்கே நவார் நாட்டில், ஒரு கோட்டை வீட்டில் 1506-ல் அவர் பிறந்தார். அவருடைய தாய்மொழி பாஸ்க். பாரிஸ் நகரில் படித்து ஆசிரியராகவும் இருந்தார். பெரிய பதவிகள் அவருக்காகக் காத்திருந்தன. அங்கே இஞ்ஞாசியார் என்ற நண்பர் கிடைத்தார். அந்த நட்பு சேவியரின் வாழ்க்கையையே மாற்றிவிட்டது. 1534-ல் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து துறவு வாழ்வுக்கு உறுதி எடுத்தார்கள். இயேசு சபை இதிலிருந்துதான் வளர்ந்தது.

1541-ல் சேவியர் லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். கோவா வந்து சேர 13 மாதங்கள் ஆயின.

கையில் மணி

அந்த ஆண்டு, 1542, முடிவதற்குள் அவர் தமிழ்நாட்டின் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தூத்துக்குடி, மணப்பாடு முதலிய ஊர்களில் பரதவர் வாழ்ந்தார்கள். அவர்கள் கடலில் மூழ்கி முத்து எடுப்பவர்கள். ஏற்கெனவே ஞானஸ்நானம் பெற்றவர்கள். ஆனால் ஜெபங்களைச் சொல்லித்தர ஆள் இல்லை.

சேவியருக்கோ தமிழ் தெரியாது! அவர் என்ன செய்தார்? தமிழ் தெரிந்தவர்களை உட்காரவைத்து ஜெபங்களைத் தமிழில் ஆக்கச் செய்தார். பள்ளிப் பிள்ளையைப் போல அவற்றை மனப்பாடம் செய்தார். பிறகு ஒரு மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். மணி ஓசை கேட்டதும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். அவர் சொல்லச் சொல்ல, திருப்பிச் சொன்னார்கள். பேச்சுத் தமிழ் அவருக்குச் சுலபத்தில் வரவில்லை. அதற்காக அவர் வெட்கப்படவும் இல்லை.

பின்னர் மலாக்கா, மொலுக்கஸ் தீவுகள், ஜப்பான் என்று பல இடங்களுக்குப் போனார். போன இடமெல்லாம் புது மொழி. அங்கெல்லாம் மறுபடியும் மாணவர் ஆனார்.

மூடிய கதவு

கடைசியாகச் சீனா போக விரும்பினார். அந்நியர் உள்ளே நுழைய அங்கே தடை இருந்தது. தூதராக வர இருந்த நண்பரை மலாக்காவின் கப்பல் தலைவர் தடுத்து நிறுத்திவிட்டார். அந்தத் தலைவர், வாஸ்கோ ட காமாவின் மகன்! ஆகவே தூதுக்குழு இல்லாமலே சேவியர் சான்சியன் போய்ச் சேர்ந்தார்.

ஒரு சீன வியாபாரி அவரை ரகசியமாகக் கான்டன் நகரில் சேர்ப்பதாக வாக்களித்தான். கூலி, மிளகு. சேவியர் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். குறித்த நாள் கடந்தது. வியாபாரி வரவில்லை. தீவில் இருந்த போர்த்துகீசியக் கப்பல்களில் பலவும் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போய்விட்டன.

நவம்பர் 21-ந் தேதி காய்ச்சல் கண்டது. கப்பலில் படுக்க வைத்தார்கள். ஆட்டம் தாங்கவில்லை. மறுநாளே கரைக்குத் திரும்பினார். அக்கால வழக்கப்படி உடலைக் கீறி இரத்தம் எடுத்தார்கள். அதனால் இன்னும் சோர்ந்து போனார். உணவு இறங்கவில்லை.

கோவாவில் படித்த அந்தோணி என்ற சீன இளைஞர் இரவு பகலாகப் பக்கத்தில் இருந்தார். காய்ச்சல் வேகத்தில் சேவியர் ஏதோ பேசினார். அந்தோணிக்கு அந்த மொழி புரியவில்லை. அது அவருடைய தாய்மொழியான பாஸ்க் மொழியாக இருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். ஊர் ஊராகப் போய்ப் பிறர் மொழியைக் கற்றவர் அவர். அவர் மொழி தெரிந்தவர் யாரும் அந்தக் குடிசையில் இல்லை!

டிசம்பர் 3-ந் தேதி விடியும் முன் அவர் உயிர் பிரிந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரே அடக்கம் செய்தார்கள். பின்பு உடல் மலாக்காவுக்கும், 1554-ல் கோவாவுக்கும் கொண்டுவரப்பட்டது. இன்றும் கோவாவின் பாம் ஜீசஸ் ஆலயத்தில் இருக்கிறது. 1622-ல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

அவர் இறந்த அந்த நாளில், ஆண்டுதோறும் நாகர்கோவிலில் உள்ள கோட்டாறு ஆலயத்தில் பெருவிழா நடக்கிறது. மணி அடிக்கிறது. மக்கள் கூடி ஜெபம் சொல்கிறார்கள். அவர் அரும்பாடுபட்டு மனப்பாடம் செய்த அதே தமிழில்!