மோட்டாரைப் பிரித்துப் படித்த மேதை
ஜி.டி. நாயுடுவின் வாழ்க்கை

பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. சில வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஆனால் பிற்காலத்தில் கோவையில் என்ஜினீயரிங் கல்லூரி தொடங்கக் காரணமாக இருந்தவர் அவரே!

அவர் யார்? கோவை தந்த தொழில் மேதை ஜி.டி. நாயுடு.

அவருடைய முழுப் பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி பிறந்தார். ஊர் கலங்கல். கோவையை அடுத்த சூலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது. விவசாயக் குடும்பம்.

மாடு இல்லாத வண்டி

அந்தக் காலத்தில் கிராமத்து வாகனம் மாட்டு வண்டிதான். ஒரு நாள் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இங்கிலாந்தில் செய்த ரட்ஜ் வண்டி அது.

துரைசாமி வியப்போடு பார்த்தார். மாடு இல்லை. குதிரை இல்லை. ஆனாலும் ஓடுகிறது. எப்படி?

இந்தக் கேள்வி அவரைத் தூங்க விடவில்லை. கோவைக்குப் போனார். ஓட்டலில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். காசு காசாகச் சேர்த்தார். கடைசியில் அந்த மோட்டார் சைக்கிளையே விலைக்கு வாங்கிவிட்டார்.

வண்டி கைக்கு வந்ததும் மற்ற வாலிபர்கள் என்ன செய்வார்கள்? ஊரைச் சுற்றி வருவார்கள். அவரோ நட்டு நட்டாகக் கழற்றினார். ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்தார். பிறகு திரும்பவும் பூட்டினார். வண்டி ஓடியது!

பெட்ரோல் ஆவி காற்றோடு கலக்கிறது. தீப்பொறி பட்டதும் வெடிக்கிறது. அந்த வேகத்தில் பிஸ்டன் கீழே இறங்குகிறது. அதனால் சக்கரம் சுழல்கிறது. இந்தப் பாடத்தை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. கையால் தொட்டுப் படித்தார்.

ஒரு பஸ், பிறகு பல பஸ்

பஞ்சு வியாபாரத்திலும் இறங்கினார். பணம் வந்தது, போகவும் செய்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. கோவையில் தொழில் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயர் அவருடைய திறமையைக் கண்டு உதவினார்.

1920-ம் ஆண்டில் நாயுடு ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். முதலாளியும் அவர்தான்; டிரைவரும் அவர்தான். ஒரு பஸ் பல பஸ்கள் ஆயின. யு.எம்.எஸ். என்ற மூன்று எழுத்து கொங்கு நாடெங்கும் தெரிந்தது.

வண்டிக்கு அடியில்

பஸ் முதலாளிக்கு ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது. வண்டியின் நோய் பெரும்பாலும் அடியில்தான் இருக்கும். எண்ணெய் ஒழுகும், போல்ட்டு தளரும், பிரேக் தேயும். அடியில் புகுந்து பார்க்க ஒன்று தரையில் குழி வேண்டும். அல்லது ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்க வேண்டும்.

ஒரு ஆள் எப்படி ஒரு காரைத் தூக்குகிறான்? எண்ணெய் ஜாக்கியின் ரகசியம் இதுதான். ஒடுங்கிய குழாயில் நாம் எண்ணெயை அழுத்துகிறோம். அந்த அழுத்தம் அகன்ற குழாய்க்குப் போகிறது. அதன் பரப்பு 20 மடங்கு என்றால் தூக்கும் பலமும் 20 மடங்கு. ஆனால் உயரும் அளவு 20-ல் ஒரு பங்குதான். அதனால்தான் பல தடவை அடிக்க வேண்டியிருக்கிறது.

இன்று வீட்டுக்கே தூக்கிப் போகக்கூடிய சிறிய லிப்டுகள் வந்துவிட்டன. வீட்டு வாசலில் காரைத் தூக்கிப் பழுது பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எச்சரிக்கை வேண்டும். தரை சமமாக இருக்க வேண்டும். தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டவே கூடாது. பலமான இரும்பு ஸ்டாண்டை முட்டுக் கொடுத்த பிறகே புக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அல்ல.

ரேசர் முதல் ரேடியோ வரை

நாயுடுவின் கை பஸ்சோடு நிற்கவில்லை. சிறிய பேட்டரியில் ஓடும் சவர ரேசரை உருவாக்கினார். ரசாந்த் என்ற பெயரில் அது ஜெர்மனியில் தயாராயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, ஓட்டுப் பதிவு இயந்திரம் என்று பல செய்தார். 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து கோவையிலேயே மின்சார மோட்டார் செய்தார். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குக் கொடுக்க முடியும் என்று காட்டினார்.

1952-ல் இரண்டு பேர் போகும் சிறிய கார் தயாராயிற்று. விலை 2 ஆயிரம் ரூபாய்! நடுத்தரக் குடும்பமும் கார் வாங்கலாம் என்ற ஆசை பிறந்தது. ஆனால் தயாரிக்க அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. கனவு பட்டறையோடு நின்றது.

உதறிவிட்ட பதவி

1945-ல் கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் என்ஜினீயரிங் கல்லூரியும் கோவையில் தோன்றின. அதற்கு முன்நின்றவர் நாயுடு. பாலிடெக்னிக்குக்கு அவரே முதல்வர்.

நான்கு ஆண்டுப் படிப்பு வீண் என்பது அவர் கருத்து. பட்டறையில் வேலை செய்தபடி படித்தால் இரண்டு ஆண்டே போதும் என்றார். வெள்ளைக்கார அரசாங்கம் ஏற்கவில்லை. கொள்கையா, பதவியா? பதவியை உதறிவிட்டார்.

அந்தக் கல்லூரிதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. இடம் மாறிவிட்டது, பெயரும் மாறிவிட்டது. ஆனால் அவினாசி சாலையில் ஹோப் காலேஜ் என்று கேட்டு இன்றும் மக்கள் பஸ்சில் இறங்குகிறார்கள்.

1974-ம் ஆண்டு ஜனவரி 4-ந் தேதி நாயுடு காலமானார். அதே அவினாசி சாலையில் 2025-ம் ஆண்டு அக்டோபரில் சுமார் 10 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். ஆயிரக்கணக்கான கார்கள் அதன் மேல் ஓடுகின்றன. அவர் செய்த 2 ஆயிரம் ரூபாய்க் கார் மட்டும் அவற்றில் இல்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளை பழைய கடிகாரத்தைப் பிரித்துப் போட்டால் உடனே அடிக்கக் கை ஓங்காதீர்கள். திரும்பப் பூட்டுகிறானா என்று பொறுத்துப் பாருங்கள். பூட்டத் தெரியாவிட்டால் பக்கத்தில் உட்கார்ந்து உதவுங்கள். கலங்கல் கிராமத்துச் சிறுவன் பெரிய மனிதர் ஆனது பிரித்ததால் மட்டும் அல்ல. பிரித்ததைத் திரும்பப் பூட்டியதால்!