தமிழ்த் துறையிலிருந்து ஆலை வாயிலுக்கு

திருப்பெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என்று ஊர்ப் பெயர்களைச் சொன்னாலே கார், கைப்பேசி, டயர், கண்ணாடி என்று பொருள்களின் வரிசை கண்முன் நிற்கிறது. ஏரித் தண்ணீரில் நெல் விளைந்த மண்ணில் இன்று இரவு பகலாக இயந்திரம் ஓடுகிறது. அந்த இயந்திரத்தை ஓட்டும் தோழர்கள் பலர், பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒரே முடிவைத்தான் சொல்கிறார்கள். கணக்கும் அறிவியலும் போதும். தமிழும் வரலாறும் சோறு போடாது!

வயிற்றுப்பாட்டை நினைத்துச் சொல்லும் சொல் அது. அதை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால், ஒன்றை நினைவூட்டக் கடமைப்பட்டிருக்கிறோம். சங்கம் என்ற சொல்லைச் சென்னை ஆலைத் தொழிலாளியின் நாவில் ஏற்றியவர்களுள் முன்வரிசையில் நின்றவர் எஞ்சினியர் அல்லர், வக்கீலும் அல்லர். பள்ளியில் தமிழ் கற்பித்தவர், தமிழாசிரியர்களுக்குத் தலைமை தாங்கியவர். அவர்தாம் திரு.வி.க. அவருடைய வாழ்வை இந்தத் தொழிற்பகுதித் தோழர்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இன்று எழுதுகிறோம்.

திருவாரூர் விருத்தாசல முதலியார் மகன் கலியாணசுந்தரம் பிறந்தது 1883 ஆகஸ்டு 26. பிறந்த ஊர், அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் சென்னையை அடுத்த துள்ளம் என்னும் சிற்றூர். திருப்பெரும்புதூரும் ஒரகடமும் அன்று அதே மாவட்டம்தான். முன்னோர் ஊர் திருவாரூர். அதுவே பெயரின் முதல் எழுத்தாயிற்று. தாயார் பெயர் சின்னம்மாள்.

படிப்பு சென்னை இராயப்பேட்டையில். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குப் போல அவருக்குப் படிப்பு தடையின்றி ஓடவில்லை. சிறு வயதில் நோய் வந்து கைகால் முடங்கியது; பள்ளிக்கூடம் நின்றது. தேறி எழுந்து வெஸ்லி பள்ளியில் மீண்டும் சேர்ந்தார். அங்கேதான் அவருக்கு யாழ்ப்பாணத்துக் கதிரைவேற் பிள்ளை ஆசிரியராக வாய்த்தார். பாடம் சொல்லும் ஆசிரியர் பலர் இருப்பார்கள். பசியைக் கிளப்பும் ஆசிரியர் சிலரே. கதிரைவேலர் இரண்டாம் வகை. மாணவருக்குத் தமிழ் மீது தீராத பசி பிறந்தது.

அந்த ஆசிரியர்மீது வழக்கு ஒன்று வந்தது. அவருக்காகச் சாட்சி சொல்ல மாணவர் நீதிமன்றம் போனார். அதனால் 1904-இல் மெட்ரிகுலேஷன் தேர்வை அவரால் எழுத முடியவில்லை. தேர்வு போயிற்று, பட்டம் போயிற்று, அந்நாளில் உத்தியோகத்துக்கு வாயிலாக இருந்த சான்றிதழ் போயிற்று. ஆசிரியருக்குத் துணை நின்றோம் என்ற நிறைவு மட்டும் மிஞ்சியது. 1907-இல் கதிரைவேலர் மறைந்தார். பின்னரும் மாணவர் படிப்பை விடவில்லை. மயிலைத் தணிகாசல முதலியாரிடம் தமிழும் சைவ நூல்களும் பாடம் கேட்டார்.

வயிற்றுக்கு வழி வேண்டுமே! ஸ்பென்சர் கம்பெனியில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. வெள்ளைக்காரக் கம்பெனியின் பேரேடும் தேசபக்தியும் ஒரே மேசையில் நெடுநாள் தங்கவில்லை. வேலையை விட்டு வெளியே வந்தார். அதன்பின் ஆயிரம் விளக்கு வெஸ்லியன் பள்ளியில் ஆசிரியரானார். ஏறத்தாழ ஆறாண்டுகள் சிறுவர்களோடு கழிந்தன. பிறகு இராயப்பேட்டை வெஸ்லி கல்லூரியில் தலைமைத் தமிழாசிரியர் பதவி அவரைத் தேடி வந்தது. எந்த நிறுவனத்தில் படித்துத் தேர்வெழுதாமல் வெளியேறினாரோ, அதே நிறுவனத்தில் தமிழுக்குத் தலைவர்!

அந்தப் பதவிக்கு அந்நாளில் என்ன மதிப்பு என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கல்விக்கூடங்களில் ஆங்கிலம் அரசியாக வீற்றிருந்தது. தமிழ் வாயிற்படியில் நின்றது. ஆங்கில ஆசிரியர் பேராசிரியர், தமிழாசிரியரோ பண்டிதர். ஊதியத்திலும் ஏற்றத்தாழ்வு, மரியாதையிலும் ஏற்றத்தாழ்வு. அரசியல் மேடையிலும் இதே கதைதான். நாட்டு விடுதலையைப் பற்றிப் படித்தவர்கள் படித்தவர்களுக்கே ஆங்கிலத்தில் பேசினார்கள். மூட்டை சுமப்பவனும் நெசவு நெய்பவனும் வேலிக்கு வெளியே நின்றார்கள். நாட்டின் பேச்சு நாட்டு மக்களுக்கே புரியாத பேச்சாயிருந்தது.

இந்த இடத்தில்தான் திரு.வி.க.வின் பெருமை தொடங்குகிறது. தமிழ் வகுப்பறைக்குள் கட்டுண்டு கிடப்பதற்கன்று, தெருவில் நடப்பதற்கு என்று அவர் கண்டார். 1917-இல் அன்னிபெசண்ட் அம்மையாரை அரசு காவலில் வைத்தபோது நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தது. அவ்வாண்டே தலைமைத் தமிழாசிரியர் பதவியைத் துறந்தார். 1917 டிசம்பர் 7-இல் ‘தேசபக்தன்’ நாளேட்டின் ஆசிரியரானார். மாதச் சம்பளம் தவறாமல் வரும் நாற்காலியை விட்டு, அடுத்த நாள் வருமா வராதா என்று தெரியாத ஏட்டின் நாற்காலிக்கு மாறினார். வகுப்பு கலையவில்லை, வகுப்பு பெரிதாயிற்று. நாற்பது மாணவர் இருந்த இடத்தில் நாடு முழுவதும் வந்து அமர்ந்தது.

பெரம்பூரில் பக்கிங்காம், கர்நாடிக் என்று இரு பெரும் துணி ஆலைகள். பின்னி கம்பெனியின் உடைமை. பகலுணவுக்கு விட்ட நேரம் அரை மணி. பேசினால் வேலை போகும். பேசாவிட்டால் உயிர் போகும். ஆலைக்கருகில் செல்வபதி செட்டியார் கடை வைத்திருந்தார். கடைக்கு வந்த தொழிலாளர் அவரிடம் துயரைக் கொட்டினார்கள். அவரும் இராமாநுசலு நாயுடுவும் மக்களைக் கூட்ட முனைந்தார்கள். 1918 மார்ச்சில் கூடிய கூட்டத்தில் திரு.வி.க. பேசினார். மேலைநாட்டுத் தொழிலாளர் எவ்வாறு சங்கம் கண்டார்கள் என்பதைப் பெரம்பூர்த் தொழிலாளிக்கு அவன் மொழியிலேயே விளக்கினார்.

1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கங்களுள் ஒன்று அது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களுள் ஒருவர். வாடியா பார்சி இனத்தவர், ஆங்கிலத்தில் பேசினார், அதைத் தமிழாக்கிச் சொல்லவேண்டியிருந்தது. தலைவரின் அறிவுக்கும் தொண்டனின் காதுக்கும் நடுவே பாலம் தேவைப்பட்டது. அந்தப் பாலத்தைக் கட்டியது எது? தமிழ்! இலக்கணம் தெரிந்த, ஆனால் இலக்கணத்தைக் காட்டி மிரட்டாத தமிழ். தமிழாசிரியர் அறையில் பழுத்த தமிழ், ஆலை வாயிலில் பந்தி பரிமாறப்பட்டது.

அதே 1918-இல் அவர் வீட்டில் விளக்கணைந்தது. 1912-இல் மணந்த மனைவி கமலாம்பிகை மறைந்தார். பிறந்த இரு குழந்தைகளும் முன்பே போய்விட்டன. வயது முப்பத்தைந்து. மறுமணம் செய்துகொள்ளவில்லை. பின்னாளில், 1927-இல், பெண்ணின் பெருமையைப் பற்றி அவர் நூல் எழுதியபோது, அது ஏட்டுப் படிப்பில் பிறந்த நூலாக இல்லை.

சங்கம் பிறந்தால் முதலாளி சும்மா இருப்பானா? 1920-இல் கதவடைப்பு வந்தது. சங்கத் தலைவர்கள்மீது கம்பெனி வழக்குத் தொடுத்தது. தொழிலாளியை ஒன்று சேர்த்ததே குற்றம் என்பதுபோல் உயர்நீதிமன்றம் தடையாணை தந்தது. வாடியா சங்கத்தை விட்டு விலக நேர்ந்தது. சங்கத்துக்குச் சட்டக் காப்பு இல்லை என்ற உண்மை நாட்டுக்கு அன்று விளங்கியது. அந்த வழக்கு எழுப்பிய கிளர்ச்சியும் சேர்ந்தே 1926-இல் தொழிற்சங்கச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

1921-இல் மீண்டும் போர். ஜூன் முதல் அக்டோபர் வரை வேலைநிறுத்தம். ஆகஸ்டு 29-இல் போலீசார் சுட்டதில் எழுவர் மாண்டனர். கவர்னர் வில்லிங்டன் திரு.வி.க.வை அழைத்து, நாடு கடத்திவிடுவதாக எச்சரித்தார். பயந்து ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை.

ஆனால், தோழர்களே, அந்தப் போர் வெல்லவில்லை. ஏன் வெல்லவில்லை என்பதை மறைத்துவிட்டு மாலை மட்டும் போடுவது வரலாறு ஆகாது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்பினார்கள். ஊர் தங்களைத் தள்ளிவைத்திருந்தபோது வராத ஒற்றுமை, ஆலை மூடிய நாளில் மட்டும் எப்படி வரும் என்ற கேள்வி அவர்கள் நெஞ்சில் இருந்தது. புளியந்தோப்பில் மோதல் மூண்டது, குடிசைகள் எரிந்தன. முதலாளியோடு தொடங்கிய போர், தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவே சாதிப் போராய் முடிந்தது. திரு.வி.க.வின் இனிய தமிழாலும் அந்தத் தீயை அணைக்க முடியவில்லை. ஒற்றுமையை வேலைநிறுத்தத்தன்று விதைக்க முடியாது. பள்ளிக்கூடத்திலேயே விதைத்திருக்க வேண்டும்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1925 நவம்பரில் காஞ்சிபுரத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசு மாநாடு. தலைமை திரு.வி.க. வகுப்புவாரி உரிமைத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவர, தலைவர் அதற்கு இடந்தரவில்லை. பெரியார் வெளியேறினார்; தமிழக அரசியல் வேறு திசையில் திரும்பியது. நான்காண்டுகளுக்கு முன் புளியந்தோப்பில் சாதியின் கொடுமையைக் கண்ட தலைவர், காஞ்சியில் அந்தத் தீர்மானத்துக்கு வழிவிட்டிருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. அதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது. கருத்து வேறுபட்டாலும் இருவர் நட்பும் முறியவில்லை. அது அந்தத் தலைமுறையின் பண்பு.

1920 அக்டோபர் 22-இல் தொடங்கிய ‘நவசக்தி’ வார ஏட்டை அவர் பல்லாண்டு நடத்தினார். பின்னாளில் புகழ்பெற்ற கல்கி அங்கே எழுத்துப் பயின்றவர்களுள் ஒருவர். துறைத் தலைவருக்குரிய குணம் இதுதான்: தாம் மட்டும் எழுதாமல், எழுதத் தெரிந்த அடுத்தவரை உண்டாக்குவது. ஐம்பதுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் கையிலிருந்து வந்தன. காந்தியடிகளையும் மார்க்சையும் ஒரே நெஞ்சில் வைத்துப் பேசினார். இருவரையும் தமிழ் படித்தவனுக்குப் புரியும்படி பேசினார். தமிழ்த்தென்றல் என்று நாடு அழைத்தது.

நாடு விடுதலை பெற்ற 1947-இலும் அவருக்கு ஓய்வில்லை. அவ்வாண்டு ஆலைத் தொழிலாளர் போராட்டத்தை ஒட்டி அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். வெள்ளையன் எச்சரித்ததோடு விட்டான். சொந்த நாட்டு ஆட்சி காவலே வைத்தது! அறுபது வயதைக் கடந்த முதியவர், பார்வை மங்கிவந்த காலம். கண்ணொளி போன பிறகும் வாயால் சொல்லிப் பிறரை எழுதவைத்தார். 1953 செப்டம்பர் 17-இல் மறைந்தார்.

இனி இன்றைக்கு வருவோம். 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் சுங்குவார்சத்திரத்துச் சாம்சங் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்துக்கு அங்கீகாரம் வேண்டும் என்பது அவர்கள் முழக்கங்களில் தலையாயது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவாயிற்று. எந்தச் சட்டத்தின்கீழ்? பெரம்பூர்த் தொழிலாளி அடிபட்டதன்பின் வந்த அதே 1926-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்! இந்த வரலாறு அந்தப் பந்தலில் அமர்ந்த இளைஞர்களில் எத்தனை பேருக்குப் பள்ளியில் சொல்லித்தரப்பட்டது?

கணக்கு தெரிந்த பிள்ளை இயந்திரத்தை ஓட்டுவான், ஓட்டட்டும். ஆனால், வேலை உத்தரவின் அடியில் சிறிய எழுத்தில் இருப்பதைப் படித்துப் பொருள் காண யார் கற்றுத்தருவது? மனு எழுத, மேடையில் நின்று தடுமாறாமல் குறை சொல்ல, நிரந்தரத் தொழிலாளி ஒப்பந்தத் தொழிலாளியின் துயரை உணர, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து பக்கத்தில் நிற்பவனும் நம்மைப்போல் உழைப்பாளியே என்று அறிய யார் கற்றுத்தருவது? தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும்தாம். 1921-இல் சாதி பிளந்த இடத்தை இன்று ஒப்பந்தமும் மொழியும் பிளக்கக் காத்திருக்கின்றன. பிளவைத் தைக்கும் ஊசி அந்த ஆசிரியர்கள் கையில் இருக்கிறது.

ஆகவே, தோழர்களே, உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்குப் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். பதினோராம் வகுப்பில் வரலாற்றுப் பிரிவு நடக்கிறதா என்று கேளுங்கள். தமிழுக்கும் வரலாற்றுக்கும் முதுகலை ஆசிரியர் இருக்கிறாரா, அந்த இடம் காலியாகக் கிடக்கிறதா என்று கேளுங்கள். கணித ஆசிரியர் இடம் காலியானால் பொங்குகிறோமே, தமிழாசிரியர் இடம் காலியானால் ஏன் வாய்மூடி இருக்கிறோம்? நூலக அறையின் பூட்டு எத்தனை நாளாகத் திறக்கப்படவில்லை என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மாணவர் பேச்சுப் போட்டிக்கு, சங்கத்தின் பெயரால் ஒரு பரிசுத் தொகை ஒதுக்குங்கள்.

தேர்வெழுத முடியாமல் போன மாணவரைத் தமிழுக்குத் தலைமை ஏற்க வைத்தது இராயப்பேட்டை. அந்தத் தலைமையாசிரியரைத் தன்னவராக்கிக்கொண்டது பெரம்பூர். திருப்பெரும்புதூரிலும் ஒரகடத்திலும் அரசுப் பள்ளியின் ஏதோ ஒரு வகுப்பறையில் அவரைப் போன்ற ஆசிரியர் ஒருவர் இன்று பாடம் நடத்திக்கொண்டிருக்கக் கூடும். அவருக்குத் துணை நிற்பது நம் கடமை. அந்தக் கடமையும் சங்க வேலைதான்.