மயிலிறகால் அடித்த தகப்பனார்

புனிதர்கள் என்றதும் நம் மனக்கண்முன் வருவது என்ன? பீடத்தின்மேல் நிற்கும் சுரூபங்கள். விண்ணை நோக்கிய விழிகள். கையில் லீலி மலர் அல்லது செபப் புத்தகம். அவர்களுள் பெரும்பாலோர் குருக்கள், துறவிகள், கன்னியர். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், பிள்ளைகளின் சளி இருமல், இல்லாளின் மனத்தாங்கல் ஆகியவற்றுக்கு நடுவே உழன்று, இரவுச் செபமாலையின் நான்காம் தேவரகசியத்தில் கண்ணயர்ந்து விடும் குடும்பத் தலைவர்களாகிய நாம் அவர்களை நிமிர்ந்து பார்த்துப் பெருமூச்சு விடுகிறோம். இவர்களுக்கென்ன, குடும்பமா குட்டியா என்று மனத்துக்குள் முணுமுணுக்கவும் செய்கிறோம்.

அப்படி முணுமுணுக்கும் தந்தையருக்கென்றே ஆண்டவர் ஒரு புனிதரைத் தந்திருக்கிறார். அவர் இருமுறை மணம் புரிந்தவர். நான்கு பிள்ளைகளைப் பெற்று, இன்னும் சிலரைப் பெற்ற பிள்ளைகள் போலவே வளர்த்தவர். தொழிலோ வழக்கறிஞர் தொழில்! வீட்டில் குரங்கு வளர்த்தார். கோமாளி ஒருவரையும் சம்பளத்துக்கு வைத்திருந்தார். இங்கிலாந்து நாட்டுப் புனித தாமஸ் மோர் என்பவர்தாம் அவர். நம் பங்கின் யூபிலி மலரில் இந்தக் குடும்பத் தலைவருக்கும் சில பக்கங்கள் ஒதுக்குவது பொருத்தமே என்று எண்ணுகிறோம்.

பால் வீதியில் பிறந்த மோர்

தாமஸ் 1478-ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில், மில்க் ஸ்ட்ரீட் என்னும் தெருவில் பிறந்தார். பால் வீதியில் பிறந்தவருக்கு மோர் என்று பெயர்! தமிழர்களாகிய நமக்கு இதைக் கேட்டதும் சிரிப்பு வருகிறது. அவர் கேட்டிருந்தால் நமக்கு முன்னே சிரித்திருப்பார். அவருடைய ஆருயிர் நண்பரான பேரறிஞர் எராஸ்முஸ், 1509-ஆம் ஆண்டு அவர் வீட்டில் தங்கியிருந்தபோது பேதைமையைப் புகழ்வதாக ஒரு நையாண்டி நூல் எழுதினார். கிரேக்க மொழியில் பேதைமைக்கு மோரியா என்று பெயர். எனவே நூலின் தலைப்பிலேயே நண்பரின் பெயரை வைத்து விளையாடி, அதை அவருக்கே காணிக்கையாக்கினார்.

சிறுவயதில் தாமஸ் கான்டர்பரிப் பேராயர் மார்ட்டனின் இல்லத்தில் பணியாற்றினார். கிறிஸ்துமஸ் நாடகம் நடக்கும்போது திடீரென மேடையில் புகுந்து, பாடம் செய்யாமலே வசனம் பேசி எல்லாரையும் சிரிக்க வைப்பாராம். பின்னர் ஆக்ஸ்போர்டில் பயின்று, இலண்டனில் சட்டம் கற்றார். அவ்வேளையில் கார்த்தூசியன் துறவு மடத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டு, ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் செபத்திலும் ஒறுத்தலிலும் செலவிட்டார். துறவியாகலாமா என்று ஏங்கியவர், இறுதியில் இல்லறமே தம் அழைத்தல் என்று தெளிந்தார். ஆயினும் உடலை உறுத்தும் முரட்டு மயிராடையைச் சட்டைக்குள் அணியும் வழக்கத்தை அவர் விடவில்லை. வெளியே சிரிப்பு, உள்ளே மயிராடை! அவர் வாழ்க்கை முழுவதும் இப்படியே நடந்தது.

பெண் பார்த்த கதை

அவர் பெண் பார்க்கப் போன கதையை அவருடைய மருமகன் வில்லியம் ரோப்பர் எழுதி வைத்திருக்கிறார். கோல்ட் என்பவரின் வீட்டில் பெண்கள் பலர். தாமஸின் மனம் இரண்டாம் பெண்மேல் சென்றது. ஆனால் அக்காள் இருக்கத் தங்கையைக் கேட்டால் மூத்தவளுக்கு எவ்வளவு வருத்தம், எவ்வளவு தலைக்குனிவு என்று எண்ணி, மூத்தவளான ஜேன் பக்கமே தம் மனத்தைத் திருப்பிக் கொண்டாராம். நம் ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் தலையசைத்துப் பாராட்டுவார்கள்!

1505-இல் நடந்த அத்திருமணத்தின் கனிகளாக மார்கரெட், எலிசபெத், சிசிலி என்னும் பெண்களும், ஜான் என்னும் மகனும் பிறந்தனர். 1511-இல் ஜேன் இறந்தார். தாயற்ற நான்கு குழந்தைகளை வைத்துக் கொண்டு தவித்த தாமஸ், சில வாரங்களுக்குள் ஆலிஸ் என்னும் கைம்பெண்ணை மணந்தார். ஆலிஸ் வயதில் மூத்தவர், வீட்டு நிர்வாகத்தில் கெட்டிக்காரர், நாக்கோ கூர்மையானது. அந்த அம்மையாரிடம் அதிகாரம் செய்யாமல் வேடிக்கைப் பேச்சாலேயே இணங்க வைத்து, அந்த வயதில் யாழும் குழலும் வாசிக்கக் கற்றுக் கொடுத்தார் நம் புனிதர். இதை எராஸ்முஸ் வியந்து எழுதியிருக்கிறார்.

வீடே பள்ளிக்கூடம்

தேம்ஸ் நதிக் கரையில் செல்சி என்னும் ஊரில் பெரிய வீடு அமைந்தது. பிள்ளைகள், வளர்ப்புப் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், ஆசிரியர்கள் என்று வீடு நிறைய ஆட்கள். போதாக்குறைக்கு நரி, மரநாய், பலவகைப் பறவைகள்! ஹோல்பைன் என்னும் ஓவியர் இக்குடும்பத்தை வரைந்த கோட்டோவியம் பாசெல் நகரில் இன்றும் உள்ளது. அதில் ஆலிஸ் அம்மையாரின் பக்கத்தில் குரங்கும் அமர்ந்திருக்கிறது.

பெண்களுக்குப் படிப்பு எதற்கு என்று ஐரோப்பாவே கேட்ட காலம் அது. மகனுக்குக் கொடுத்த இலத்தீன், கிரேக்கக் கல்வியைத் தம் பெண்களுக்கும் குறைவின்றிக் கொடுத்தார் மோர். மூத்தவள் மார்கரெட் பத்தொன்பது வயதில், பரலோக மந்திரத்திற்கு எராஸ்முஸ் எழுதிய விளக்கத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாள். அது அச்சிலும் வந்தது.

அரச காரியமாக வெளியூர் செல்லும்போதெல்லாம் பிள்ளைகள் தமக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பது அவர் கட்டளை. எழுத ஒன்றுமில்லை என்ற சாக்கு செல்லாது. ஒன்றுமில்லை என்பதைப் பற்றியே நீளமாக எழுதலாமே என்பார். ஒருமுறை மகன் ஜான் எழுதிய கடிதம் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. காரணம், தகப்பனின் கேலிக்குப் பதில் கேலி செய்திருந்தான். அதே வேளையில் எதிரே இருப்பவர் தகப்பன் என்பதையும் மறக்கவில்லை.

பயணத்தின்போது குதிரை மேலிருந்தவாறே பிள்ளைகளுக்கு இலத்தீனில் ஒரு கவிதைக் கடிதம் இயற்றினார். அதில், தாம் அவர்களுக்குக் கொடுத்த முத்தங்கள் பல, அடிகள் மிகச் சில என்று நினைவூட்டுகிறார். அந்தச் சில அடிகளுக்கும் அவர் எடுத்த பிரம்பு எது தெரியுமா? மயிலிறகு! அதையும் தழும்பு விழாதபடி மெல்லத்தான் வீசுவாராம்.

இழப்பதற்கும் ஒரு பயிற்சி

அவ்வீட்டில் மாலைச் செபத்துக்கு எல்லாரும் கூடுவார்கள். உணவு வேளையில் ஒருவர் மறைநூலை வாசிப்பார். அதைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு கோமாளி பேட்டன்சனின் முறை வரும். செபமும் சிரிப்பும் அங்கே சண்டையிட்டதில்லை.

1529-ஆம் ஆண்டு அறுவடை முடிந்த சமயத்தில் அவருடைய களஞ்சியங்கள் தீப்பற்றி எரிந்தன. அண்டை வீட்டார் தானியமும் சாம்பலாயிற்று. செய்தி கேட்டு அவர் ஆலிசுக்கு எழுதியது என்ன? வீட்டார் அனைவரையும் கோயிலுக்கு அழைத்துச் சென்று, ஆண்டவர் கொடுத்ததற்கும் எடுத்ததற்கும் விட்டு வைத்ததற்கும் நன்றி கூறு. நம் வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சாவிட்டாலும் அண்டை வீட்டாரின் நட்டத்தை ஈடு செய்ய வேண்டும். வேறு இடம் கிடைக்கும்வரை எந்த வேலையாளையும் நிறுத்தாதே என்பதே அதன் சாரம்.

அடுத்த மாதமே எட்டாம் ஹென்றி அரசர் அவரைச் சான்சலர் என்னும் மிக உயர்ந்த பதவியில் அமர்த்தினார். பதவி வந்தும் அவர் மாறவில்லை. தம் மன்றத்துக்குப் போகும் வழியில், வேறொரு மன்றத்தில் நீதிபதியாயிருந்த தம் வயோதிகத் தந்தையின் முன் எல்லாரும் காண முழந்தாளிட்டு ஆசி பெறுவார். ஞாயிறன்று பங்குக் கோயிலில் வெள்ளை அங்கியணிந்து பாடகர் குழுவில் பாடுவார். நார்ஃபோக் கோமகன் அதைக் கண்டு, நாட்டின் சான்சலர் கோயில் பிள்ளையைப் போல் நிற்பது அரசருக்கே அவமானம் அல்லவா என்று பதறினார். அரசருக்கும் மேலான ஆண்டவருக்குச் செய்யும் ஊழியத்தால் அரசர் எப்படி வருத்தப்படுவார் என்று மோர் அமைதியாகக் கேட்டார். நம் பாடகர் குழுவினர் இதைக் குறித்துக் கொள்வார்களாக!

குறையே இல்லாதவர் என்று நாம் சொல்ல வரவில்லை. மருமகன் ரோப்பர் லூத்தரின் போதனையில் மயங்கியிருந்தபோது, வாதாடிப் பார்த்த மோர், இனி வாதம் வேண்டாம், செபம் போதும் என்று மகளிடம் சொல்லிக் காத்திருந்தார். மருமகன் திரும்பி வந்தார். ஆனால் பதவியில் இருந்தபோது மாற்றுக் கொள்கையினரிடம் அந்தப் பொறுமையை அவர் காட்டவில்லை. அவர் காலத்தில் சிலர் தீக்கு இரையாயினர். அது அக்காலச் சட்டம் என்றாலும் இன்று நம் மனம் நோகத்தான் செய்கிறது.

பெருமான் போய்விட்டார்!

அரசர் ஹென்றி, தம் மனைவி கத்தரீனைத் தள்ளிவிட்டு ஆன் போலினை மணக்க விரும்பினார். பாப்பரசர் இணங்காததால், திருச்சபையையே தம் கைக்குள் கொண்டுவரத் துணிந்தார். அதற்குத் துணைபோக மனமின்றி, 1532-ஆம் ஆண்டு மே மாதம் மோர் பதவி விலகினார்.

இதை ஆலிசிடம் எப்படிச் சொல்வது? ஞாயிறு பூசை முடிந்ததும் சான்சலரின் ஊழியர் ஒருவர் அம்மையாரின் இருக்கைக்கு வந்து, பெருமான் புறப்பட்டுவிட்டார் என்று அறிவிப்பது வழக்கம். அன்று மோரே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, பெருமான் போய்விட்டார் என்று பணிவோடு சொன்னார். வழக்கமான வேடிக்கை என்று எண்ணிய ஆலிஸ், பின்னரே பதவி போன செய்தியை உணர்ந்தார்.

வருமானம் சுருங்கியது. மோர் குடும்பத்தாரைக் கூட்டி ஒரு திட்டம் சொன்னார். முதலில் சட்ட மாணவர் விடுதிச் சாப்பாட்டுக்கு இறங்குவோம். அதுவும் கட்டாவிட்டால் மறு ஆண்டு அதற்கும் கீழான விடுதிச் சாப்பாடு. பிறகு ஆக்ஸ்போர்டு மாணவரின் ஏழைச் சாப்பாடு. அதற்கும் வழியில்லையென்றால் எல்லாரும் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகக் கிருபை தயாபத்து மந்திரம் பாடிப் பிச்சை எடுப்போம், அப்போதும் ஒன்றாகவே இருப்போம் என்றார். வறுமையின் படிக்கட்டில் ஒவ்வொரு படியாகச் சிரித்துக்கொண்டே இறங்கக் கற்றுக் கொடுத்த தகப்பன்!

சாத்திய வாசல்

ஆனால் ஒன்றாகவே இருக்க முடியவில்லை. 1534-இல் புதிய சட்டத்தின்படி எல்லாரும் ஆணையிட வேண்டியதாயிற்று. ஆனின் பிள்ளைகள் அரியணை ஏறுவதை மோர் எதிர்க்கவில்லை. பாப்பரசரின் அதிகாரத்தை மறுக்கும் ஆணையை மட்டும் அவர் மனச்சான்று ஏற்கவில்லை. ஏப்ரல் 13 அன்று அழைப்பாணைக்குப் பணிந்து புறப்பட்டார். எப்போதும் படகுவரை வந்து முத்தமிட்டு வழியனுப்பும் மனைவி மக்களை அன்று தொடரவிடாமல், தோட்டத்து வாசலைத் தாமே சாத்திவிட்டுப் படகேறினார். அவர்கள் கண்ணீரைக் கண்டால் தம் உறுதி கரைந்துவிடும் என்று அஞ்சினார் போலும்.

இலண்டன் கோபுரச் சிறையில் அவருக்கு நேர்ந்த பெரிய சோதனை எது? அன்புதான். குடும்பத்தில் யாருமே அவருடைய முடிவைப் பின்பற்றவில்லை. செல்ல மகள் மார்கரெட்கூடக் கடவுளின் சட்டம் அனுமதிக்கும் மட்டும் என்ற நிபந்தனையோடு ஆணையிட்டாள். தந்தையையும் இணங்கச் சொல்லி மன்றாடினாள். ஆதாமை இணங்க வைக்க வந்த ஏவாளோ என்று மகளைக் கேலி செய்தாரே தவிர, அவர் கோபிக்கவில்லை. தம் மனச்சான்றுக்குத் தாம் பொறுப்பு. பிறர் மனச்சான்றைத் தாம் தீர்ப்பிடுவதில்லை என்றார். சிந்திக்கக் கற்றுக்கொடுத்த தகப்பன், பிள்ளைகள் தம்மைப்போலவே சிந்திக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை.

ஆலிஸ் வந்து, அழகான வீடும் நூலகமும் தோட்டமும் இருக்க, எலிகளோடு இங்கே கிடப்பதேன் என்று கடிந்துகொண்டார். நம் வீட்டிலிருந்து விண்ணகம் எவ்வளவு தூரமோ, இங்கிருந்தும் அவ்வளவு தூரந்தானே என்று கேட்டார் மோர். அந்தப் பதிலை ஆலிஸ் ஏற்கவில்லை. ஆனால் வாரந்தோறும் 15 ஷில்லிங் சிறைச் சாப்பாட்டுச் செலவுக்காகத் தம் உடைகளையே விற்றவரும் அதே ஆலிஸ்தான். புனிதரின் மனைவியாக இருப்பது எளிதன்று, அன்பர்களே!

1535 ஜூலை 1-இல் மரணத் தீர்ப்பு வந்தது. சிறைக்குத் திரும்பும் வழியில் மார்கரெட் காவலரைப் பிளந்துகொண்டு ஓடி, எல்லார் முன்னிலையிலும் தந்தையைக் கட்டி முத்தமிட்டாள். விலகியவள் மீண்டும் ஓடிவந்து தழுவினாள். ஜூலை 5-ஆம் நாள் கரித்துண்டால் மகளுக்குக் கடைசிக் கடிதம் எழுதி, அந்த முத்தத்துக்கு நன்றி கூறினார். இதுவரை மறைத்து வைத்திருந்த மயிராடையையும் அவளுக்கே அனுப்பினார். மறுநாள் ஆடும் பலகைகளாலான கொலைமேடையில் ஏறும்போது, ஏறுவதற்கு மட்டும் கைகொடுக்குமாறும், இறங்குவதைத் தாமே பார்த்துக்கொள்வதாகவும் அதிகாரியிடம் கூறினார். இலண்டன் பாலத்தின்மேல் செருகப்பட்டிருந்த அவர் தலையை மார்கரெட் மீட்டுப் பாதுகாத்தாள்.

1935-ஆம் ஆண்டு பதினோராம் பத்திநாதர் அவரைப் புனிதராக உயர்த்தினார். 2000-ஆம் ஆண்டு இரண்டாம் அருள் சின்னப்பர் அவரை அரசியலாரின் பாதுகாவலராக அறிவித்தார். குடும்பத் தலைவர்களாகிய நாமும் அவரை விட்டுவிட வேண்டியதில்லை. ஆண்டுதோறும் ஜூன் 22 அவர் திருநாள்.

கொலைமேடையில் வந்த சிரிப்பு அன்று திடீரென்று பிறந்ததன்று. மயிலிறகிலும், எரிந்த களஞ்சியத்திலும், போன பதவியிலும் நாள்தோறும் பழகிய சிரிப்பு அது. எதுவும் தம்முடையதன்று, எல்லாம் ஆண்டவர் தந்த இரவல் என்று நம்பியவரால்தான் அப்படிச் சிரிக்க முடிந்தது. ஆகவே இன்றிரவு செபமாலையின் நடுவே நம் கடைக்குட்டி களுக்கென்று சிரித்தால், பிரம்பைத் தேடி ஓட வேண்டாம். நாமும் கொஞ்சம் சிரித்துவிட்டு, விட்ட மணியிலிருந்து தொடர்வோம். நான்காம் தேவரகசியத்தில் தூங்காமலிருக்க அதுவும் ஒரு வழி!