இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும் பத்து விரலும்

ஆண்டு மலருக்கு ஒரு விஞ்ஞானி வரலாறு எழுதச் சொன்னால் நம்மில் பாதிப்பேர் எடிசனை எழுதுவோம், மீதிப்பேர் கலாம் ஐயாவை எழுதுவோம். நான் இந்த முறை ஒரு குமாஸ்தாவைப் பற்றி எழுதுகிறேன். ஆமாம், குமாஸ்தாதான்! பெயர் ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். லேபில் விஐ எடிட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர் பிரிவுக்கு இவர் ரொம்ப நெருங்கிய சொந்தக்காரர். எப்படி என்பது போகப் போகத் தெரியும்.

முத்தையா 1886-ம் ஆண்டு பிப்ரவரி 24-ம் தேதி யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பாவை இழந்தவர். 1907-ல் பிழைப்புத் தேடி மலாயாவுக்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 21, நம்மைவிட மூணு வயசுதான் கூட. அந்தக் காலத்தில் இங்கிலீஷ் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் பலபேர் இப்படித்தான் மலாயா, சிங்கப்பூர் என்று கிளார்க் வேலைக்குப் போனார்கள். இவர் அய்ல்ஸ்பரி அண்ட் கார்லண்ட் என்ற கம்பெனியில் சேர்ந்து தலைமைக் குமாஸ்தா ஆனார். 1930 வரைக்கும் அங்கேதான் வேலை. சுருக்கெழுத்திலும் தட்டச்சிலும் கெட்டிக்காரர்.

பகலெல்லாம் இங்கிலீஷ் மிஷினைத் தட்டுகிற ஒரு மனுஷனுக்கு, நம்ம பாஷைக்கு ஏன் இது இல்லை என்று தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. தோன்றியதோடு நிற்காமல் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டாரே, அதுதான் பெரிசு.

கணக்கு என்னவென்று பாருங்கள். இங்கிலீஷில் 26 எழுத்து, பெரிசும் சின்னதுமாக 52. மிஷினில் நாற்பத்துச் சொச்சம் விசை. ஷிஃப்டை அழுத்தினால் இரட்டிப்பு. தாராளமாகப் போதும். தமிழில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. ஆக மொத்தம் 247! எண் இருக்கிறது, ஸ, ஜ, ஷ, ஹ இருக்கிறது. அதுவும் 1978-ல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவருவதற்கு முன்னால் ணா, றா, னா, லை, ளை எல்லாம் சுழித்துச் சுழித்து வேறு உருவத்தில் இருந்தன. பழைய புத்தகம் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

முத்தையா எழுத்துகளை எழுத்தாகப் பார்க்காமல் துண்டாகப் பார்த்தார். கா, சா, தா எல்லாவற்றுக்கும் கால் ஒன்றுதான். கெ, செ, தெ எல்லாவற்றுக்கும் கொம்பு ஒன்றுதான். இவைகளுக்குத் தனித்தனி விசை வேண்டாம், கொம்புக்கு ஒன்று, காலுக்கு ஒன்று போதும். ஆனால் கு, டு, மு, து இவைகளில் பொதுவான துண்டே கிடையாது. அதனால் அவைகளுக்குத் தனி விசை. இது வரைக்கும் நமக்கும் தோன்றியிருக்கும் என்று வைத்துக்கொள்வோம். புள்ளியை எங்கே வைப்பது? அது எழுத்தின் தலைமேல் அல்லவா உட்காரணும்?

இங்கேதான் மெக்கானிக்கல் நண்பர்கள் கவனிக்கணும். சாதாரண விசையைத் தட்டினால் அச்சு போய் ரிப்பனில் விழும், உடனே காகிதம் சுற்றியிருக்கும் வண்டி ஒரு எழுத்து இடம் நகரும். முத்தையா சில விசைகளை அடித்தும் வண்டி நகராதபடி வைத்தார். அதற்கு நகரா விசை என்று பெயர். முதலில் புள்ளி அடிக்கிறோம், வண்டி அப்படியே நிற்கிறது. பிறகு க அடிக்கிறோம், அதே இடத்தில் விழுகிறது. க் கிடைத்துவிட்டது! கி, வி எல்லாம் இதே வழிதான். அடிச்சும் நகராத ஒரு விசைதான் தமிழை மிஷினுக்குள் கொண்டுவந்தது.

1918-ல் முதல் உலகப்போர் முடிந்த பிறகு ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து சைடல் அண்ட் நௌமான் கம்பெனியோடு ஏற்பாடு செய்து பொறிகளைச் செய்ய வைத்தார். தையல் மிஷின், சைக்கிள் எல்லாம் செய்த கம்பெனி அது. தூக்கிக்கொண்டு போகும்படியான பிஜூ மாடலும் தமிழில் வந்தது.

இதெல்லாம் எங்கேயோ நடந்த கதை என்று நினைக்காதீர்கள். நம்ம திருவண்ணாமலை 1989-ல் தனி மாவட்டம் ஆச்சு. கலெக்டர் ஆபீஸ் வந்தால் மனு வரும், மனு வந்தால் மனு அடிக்கிறவரும் வருவார். எங்க அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அவர் சொல்லச் சொல்ல மரத்தடியில் ஒருவர் தமிழிலேயே தட்டிக்கொண்டு போவார். முடிந்ததும் ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லுவார் அப்பா. தான் சொன்னதுதான் காகிதத்தில் இருக்கிறதா என்று காதாலேயே சரிபார்த்து, அப்புறம்தான் பேனாவை வாங்குவார். மனு இங்கிலீஷில் இருந்திருந்தால் அவர் எதைச் சரிபார்ப்பது? 1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது சரிதான். ஆனால் அடிக்க மிஷின் இல்லாவிட்டால் சட்டம் மட்டும் என்ன செய்யும்?

இப்போது லேபுக்கு வருவோம். லினக்ஸில் 'டி.டி.ஒய்' என்று ஒரு கட்டளை இருக்கிறதே, அது டெலிடைப்ரைட்டர் என்பதன் சுருக்கம். நாம் தட்டுகிற கறுப்புத் திரை தட்டச்சுப் பொறியின் பேரப்பிள்ளை. 1976-ல் அமெரிக்காவில் பில் ஜாய் விஐ எடிட்டரை எழுதியபோது அவர் டெர்மினலில் அம்புக்குறிகள் எச், ஜே, கே, எல் விசைகளின் மேலேயே அச்சிட்டிருந்தன. நாம் இன்றைக்கும் அதை வைத்துத்தான் நகர்கிறோம். ஆங்கில டி விசையை ஒருமுறை அடித்துப் பாருங்கள், ஒன்றும் நடக்காது. அடுத்த விசைக்காகக் காத்திருக்கும். இன்னொரு டி அடித்தால் வரி முழுக்கப் போகும், டபிள்யூ அடித்தால் வார்த்தை போகும். முத்தையாவின் புள்ளி மாதிரியே இல்லை?

புதுசாகக் கற்பவர்கள் முதலில் 'விம்டியூட்டர்' என்று அடித்து அரைமணி நேரம் உட்காருங்கள். அப்புறம் உங்கள் ஹோமில் டாட் விம்ஆர்சி ஃபைலைத் திறந்து 'செட் நம்பர்', 'செட் ஆட்டோஇன்டென்ட்', 'சின்டாக்ஸ் ஆன்' மூன்றும் எழுதுங்கள். மற்றது கைப்பழக்கம். கிரிவலம் போகிறவர்கள் பாதையைப் பார்த்தா நடக்கிறார்கள்? கால் தானே போகிறது.

தமிழ் அடிக்கத்தான் சிக்கல். 1999-ல் வந்த தமிழ்99 விசைப்பலகையைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு விம்முக்குள் எஸ்கேப் அடித்தால், அடுத்து அடிக்கிற டி தமிழ் எழுத்தாகப் போகும், கட்டளை வேலை செய்யாது. இதற்கு விம்மிலேயே 'கீமேப்' என்று வழி இருக்கிறது. எழுதும் நிலையில் மட்டும் தமிழ், எஸ்கேப் அடித்தால் விசைகள் பழையபடி இங்கிலீஷ். அந்த ஃபைலை நாமே எழுதலாம்.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் போகிறவர்களுக்கு யளனக ஏற்கெனவே விரலில் இருப்பதால், நாங்கள் மூன்று பேர் அந்த வரிசைக்கே ஒரு கீமேப் எழுதிக்கொண்டிருக்கிறோம். மிஷினில் கொம்பு முதலில், க பிறகு. யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. அதனால் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரம், புள்ளி, இகரம், ஈகாரம் என்று ஆறுக்கும் 18 மெய்யோடு ஒவ்வொரு வரி வேண்டும். சரியாக 108! நம்ம ஊருக்குப் பொருத்தமான எண்தான். ஆனால் டி, டீ இரண்டுக்கும் மிஷினில் தனி விசை இருப்பதால் 106 ஆகிவிட்டது. கொ, கோவுக்குத் தனி வரி வேண்டாம், பின்னால் கால் அடித்தால் சேர்ந்துகொள்கிறது.

ஆனாலும் கறுப்புத் திரையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம்தான். ர ஒல்லி, ண குண்டு. சில டெர்மினலில் கொம்பு தனியாகப் போய் நிற்கிறது, சிலதில் எழுத்து மேல் எழுத்து ஏறுகிறது. மிஷினின் ஒரே அளவு இடத்தில் முத்தையா பட்ட அதே பாடு! அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. கீமேப்பில் மகரம் வரைக்கும் முடிந்திருக்கிறது, யகரத்திலிருந்து பாக்கி. தமிழ் டைப்பிங் லோயர் முடித்த நண்பர்கள் வந்து தட்டிப் பார்த்துச் சொன்னால் நல்லது. சாயங்காலம் நாலரைக்கு மேல் லேபில்தான் இருப்போம்.