மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த கோமரன்



அதிகாலையில் மொட்டைமாடியில் நடப்பவர்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். நன்றாக விடியும் முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் முந்தல் தாண்டி மலையேறத் தொடங்கிவிடும். 17 கொண்டை ஊசி வளைவுகள், அதன்பின் போடிமெட்டு, அதற்கும் அப்பால் கேரளம். நமக்கு அந்த எல்லை ஒரு சோதனைச்சாவடி, ஒரு டீ, இரண்டு போட்டோ. அவ்வளவுதான்.

ஆனால் ஒரு காலத்தில் அந்த எல்லைக்கு வேறு பொருள் இருந்தது. மலைக்குக் கீழே நம் போடி ஜமீன் கம்பெனியின் சென்னை மாகாணத்தில் இருந்தது. மலைக்கு மேலே திருவிதாங்கூர் மன்னரின் ராஜ்யம். ஒரு மனிதனை இன்னொருவர் தன் சொத்து என்று சொன்னால் கோர்ட் அதை ஏற்கக்கூடாது என்ற சட்டம் கீழே 1843-இல் வந்தது. மேலே அடிமை முறையை ஒழித்து அரசு ஆணையிட்டது 1855-இல். நடுவில் 12 வருடம், மலைக்கு இந்தப் பக்கம் செல்லாத அடிமை ஓலை அந்தப் பக்கம் செல்லும். இதற்காகக் கீழே எல்லோரும் விடுதலையாக வாழ்ந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பண்ணையாள், படியாள் என்ற பெயர்களில் கடனுக்குக் கட்டுண்டு உழைத்தவர்கள் இங்கேயும் இருந்தார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்ததே 1976-இல்தான்.

இந்த இதழில் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது, அந்த ஆணை வந்து 24 வருடம் கழித்து மலைக்கு அந்தப் பக்கம் பிறந்த ஒரு பையனைப் பற்றி. கேரளத்தில் பொய்கயில் அப்பச்சன் என்றால் தெரியாதவர்கள் குறைவு. நம் பக்கம்தான் அவ்வளவாகத் தெரியாது. சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் குமுளி, முண்டக்கயம் வழியாக எருமேலி போயிருப்பீர்கள். அங்கிருந்து இன்னும் மேற்கே போனால் திருவல்லா. அதன் பக்கத்தில் இரவிபேரூர் என்ற ஊர். அங்கே 1879 பிப்ரவரி 17 அன்று கண்டன், லேச்சி என்ற தம்பதிக்கு அவர் பிறந்தார். வைத்த பெயர் கோமரன். நம் ஊர் வழக்கில் குமரன்.

கண்டனும் லேச்சியும் பறையர் குலத்தவர். ஒரு சிரியன் கிறிஸ்தவ நிலவுடைமைக் குடும்பத்துக்கு அடிமைப்பட்ட குடும்பம் அவர்களுடையது. சட்டப்படி 1855-லேயே விடுதலை வந்துவிட்டது. ஆனால் நிலம் அவரிடம், குடிசை அவர் நிலத்தில், கஞ்சி அவர் அளக்கும் நெல்லில். இந்த மூன்றும் அப்படியே இருக்கும்போது ஓர் ஆணை மட்டும் ஒருவனை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்? கோமரனும் சிறு வயதிலேயே அந்த வீட்டுக்கு வேலை செய்து வளர்ந்தான்.

அவன் பிறந்த உலகம் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் கேளுங்கள். திருவிதாங்கூரில் 1836-இல் எடுத்த கணக்கின்படி சுமார் 12.8 லட்சம் மக்களில் ஏறக்குறைய 1.65 லட்சம் பேர் அடிமைகள். எட்டுப் பேருக்கு ஒருவர். நிலத்தை என்னென்ன செய்யலாமோ அத்தனையும் அவர்களைச் செய்யலாம். விற்கலாம், ஒற்றி வைக்கலாம், பாட்டத்துக்கு விடலாம். மாட்டோடு சேர்த்து ஏரில் பூட்டி உழவைத்ததும் உண்டு. புருஷனை ஒருவரும் பெண்டாட்டியை இன்னொருவரும் வாங்கிக்கொண்டு போனால் பிள்ளைகள் நடுவில் நின்றன.

இதைவிட என் மனதைத் தைத்தது அவர்கள் பேசவேண்டியிருந்த பேச்சு. மேல்சாதிக்காரர் முன்னால் அவர்கள் நான் என்று சொல்லக்கூடாது, அடியன் என்றுதான் சொல்லவேண்டும். தான் உண்பதைச் சோறு என்று சொல்லக்கூடாது, கரிக்காடி என்று சொல்லவேண்டும். பெற்ற பிள்ளையைப் பிள்ளை என்று சொல்லக்கூடாது, கன்று என்றோ குரங்கு என்றோதான் சொல்லவேண்டும். கோமரன் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு அங்கே வாழ்ந்த மிஷனரிகள் இதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் குழந்தையைக் கண்ணே, ராசா என்று கொஞ்சுகிறோம். பக்கத்தில் முதலாளி நிற்கும்போது ஒரு தகப்பன் தன் மகனைக் கன்று என்று சொல்ல, அதைக் கேட்டுக்கொண்டே நிற்கும் பையனை நினைத்துப் பாருங்கள்.

அவனுக்குப் பத்து வயது ஆகும்போது ஊரில் 35 வயதைக் கடந்த அவன் இனத்தார் பலரும் சட்டப்படி அடிமையாகவே பிறந்தவர்கள். யாரை எங்கே விற்றார்கள், எந்தத் தாய் எந்தக் கரையில் பிள்ளையைப் பிரிந்தாள் என்ற பேச்சு அவனுக்குப் பழங்கதை இல்லை. பக்கத்துக் குடிசைக்காரர்கள் தாங்களே பட்டது. அவர்கள் அதை அழுது சொன்னார்கள், பாட்டாகவும் பாடினார்கள். அந்த அழுகை பையனின் காதில் தங்கிவிட்டது. பிற்காலத்தில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் விதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் நடந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்க முடியாத குலத்தில் பிறந்த கோமரன் எழுத்துக் கற்றுக்கொண்டான். பைபிளைத் தானே வாசித்து மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும் அளவுக்குத் தேர்ந்தான்.

அதே காலத்து அமெரிக்காவில் பெயர்பெற்ற பிரெடரிக் டக்ளஸை உங்களில் சிலர் படித்திருப்பீர்கள். 1818-இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார். பால்டிமோரில் எஜமானி அவருக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். எஜமானர் தடுத்துவிட்டார், படித்தவன் அடிமையாக இருக்கமாட்டான் என்று அவருக்குத் தெரியும். பையன் விடவில்லை. தெருவில் விளையாடும் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டைக் கொடுத்து எழுத்தை வாங்கிக்கொண்டான். 1838-இல் தப்பி, 1845-இல் தன் கதையைத் தானே புத்தகமாக எழுதினான். கடல் கடந்த இரண்டு சிறுவர்கள், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். இருவரும் முதலில் பிடித்தது எழுத்தைத்தான்.

கோமரன் கிறிஸ்தவத்தில் சேர்ந்து யோகன்னான் ஆனார். ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கம் செய்தார். நல்ல குரல், சொந்தமாகப் பாட்டுக் கட்டுவார். ஆனால் சபைக்குள்ளும் சாதி கூடவே வந்தது. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் அவர் இனத்தார் தனியாகவே வைக்கப்பட்டார்கள். ஒரு சபையிலிருந்து இன்னொரு சபைக்கு மாறிப் பார்த்தும் அதே கதைதான். கடைசியில் வெளியே வந்து, 1909-இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபை என்று தனி அமைப்பைத் தொடங்கினார். செத்தபின் கிடைக்கும் மீட்பைவிட, இந்த மண்ணில் கண்முன்னே கிடைக்கும் மீட்பு அவருக்கு முக்கியம்.

அங்கே அவர் செய்த ஒரு காரியத்தை நீங்கள் கவனிக்கவேண்டும். அடிமையாக இருந்ததை மறந்துவிடுங்கள், அது அவமானம் என்று அவர் தன் மக்களிடம் சொல்லவில்லை. கூட்டங்களில் அந்தப் பழைய துயரத்தை முழுதாக எடுத்துச் சொன்னார். தகப்பனை ஒரு பக்கமும் தாயை ஒரு பக்கமும் விற்றதையும், அனாதையாக நின்ற பிள்ளைகளையும் கேட்டுக் கூட்டமே அழுமாம். அழுதவர்கள் புலையர், பறையர், குறவர் என்று வேறுவேறு சாதி. ஆனால் அழுத காரணம் ஒன்று. அந்த ஒன்றை வைத்து அவர்களை ஒரே குடும்பமாக்கினார். எத்தனையோ வம்சங்களின் சரித்திரம் எழுதப்பட்டிருக்கத் தன் இனத்தைப் பற்றி ஓர் எழுத்துகூட இல்லையே என்று அவர் வருந்திப் பாடிய பாட்டு இன்றும் கேரளத்தில் பாடப்படுகிறது.

அழுகையோடு அவர் நிற்கவில்லை. சபைக்கு நிலம் வாங்கினார், பள்ளிகள் தொடங்கினார். 1921-இலும் 1931-இலும் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக அமர்ந்தார். தன் பிள்ளையைக் கன்று என்று சொல்லவேண்டியிருந்த மக்களின் மகன், அரசின் முன்னால் நின்று அந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பும் நிலமும் கேட்டார். திருவனந்தபுரம் பக்கம் அதே போராட்டத்தை நடத்தியவர் அய்யன்காளி. பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் வயலில் இறங்கமாட்டோம் என்று அவர் தலைமையில் மக்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்பச்சன் 1939 ஜூன் 29 அன்று காலமானார். ஸ்ரீகுமார குருதேவன் என்று அவரை இன்றும் வணங்குகிறார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் அப்படித் திரும்பி வந்தது.

இதை ஏன் நம் செய்திமடலில் எழுதுகிறேன் என்று சிலர் கேட்கலாம். நம் தரைத்தளத்துப் படிப்பறையில் குடியிருப்போர் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் உட்காரலாம் என்று ஒரு விதி இருக்கிறது. காவலாளி, வீட்டுவேலைக்கு வரும் அம்மாக்கள் ஆகியோரின் பிள்ளைகள் பள்ளி விட்டு வந்து மாடிப்படியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார்கள். அவர்களில் இரண்டு பேரின் பாட்டிமார் இன்றும் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் பறிப்பவர்கள். விதியை மாற்றலாமா என்பது அடுத்த பொதுக்குழுவில் விவாதத்துக்கு வருகிறது. மின்சாரச் செலவு, சத்தம், பாதுகாப்பு என்று சொல்லப்படும் காரணங்கள் பொய்யில்லை. அவற்றுக்கு வழி காணலாம். மாலை 5 முதல் 7 வரை முறைவைத்துப் பார்த்துக்கொள்ள நாங்கள் நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறோம்.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. விதி எழுதியபோது நானும் கையெழுத்துப் போட்டவன்தான். கூட்டத்துக்கு வருமுன் ஒரு நாள் மாலை லிப்டை விட்டுப் படியில் இறங்கி வாருங்கள். அந்தப் பிள்ளைகளிடம் என்ன படிக்கிறாய் என்று கேளுங்கள், பெயரையும் கேளுங்கள். பிறகு உங்கள் மனதுக்குப் பட்டபடி கை தூக்குங்கள்.