கூடி அறிவதே மதிப்பீடு!

வகுப்பில் பின்தங்கும் குழந்தைக்கு எத்தகைய கல்வி தேவை என்பதைத் தீர்மானிப்பவர் யார்? ஆசிரியரா, மருத்துவரா, பெற்றோரா? ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே பாரிஸில் இக்கேள்வியை எதிர்கொண்டவர் ஆல்ஃபிரட் பினே. நுண்ணறிவுச் சோதனையை உருவாக்கியவர் என்றே பாடநூல்கள் அவரை அறிமுகப்படுத்துகின்றன. அவருடைய வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று: எந்தக் குழந்தையையும் தனியொருவரின் கருத்தை மட்டும் கொண்டு எடைபோடலாகாது என்பதில் அவர் காட்டிய உறுதி.

1857-இல் நீஸ் நகரில் பிறந்த பினே, சட்டம் பயின்றும் வழக்குரைஞராகவில்லை. நூல்களின் துணையோடு தாமே உளவியல் கற்றார். சால்பெத்ரியேர் மருத்துவமனையில் ஷார்கோவின் கீழ் அறிதுயிலை ஆராய்ந்தார். காந்தத்தின் துணையால் நோயாளியின் உணர்வுகளை மாற்ற முடியும் என்ற அவரது முடிவு பிறரின் சோதனையில் பொய்த்தது. நோயாளிகள் ஆய்வாளரின் எதிர்பார்ப்பை உணர்ந்து அதற்கேற்ப நடந்துகொண்டனர் என்பது வெளிப்பட்டது. பினே அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார். பின்னர், தம் மகள்கள் இருவரையும் பல ஆண்டுகள் கவனித்து, ஒரே வீட்டில் வளரும் குழந்தைகளும் வெவ்வேறு விதமாகச் சிந்திப்பதைப் பதிவு செய்தார்.

கட்டாயக் கல்வி நடைமுறைக்கு வந்த பிரான்ஸில், வகுப்போடு ஒத்துச் செல்ல இயலாத குழந்தைகளும் பள்ளிக்கு வந்தனர். அவர்களுக்கான கல்வியை ஆராய 1904-இல் அரசு அமைத்த குழுவில் பினேயும் இடம்பெற்றார். தொல்லை தரும் மாணவனை அகற்ற விரும்பும் ஆசிரியர் அவனைக் குறைபாடுள்ளவன் என்று சொல்லக்கூடும். மருத்துவர்களோ ஒரே குழந்தைக்கு வெவ்வேறு பெயர்களைச் சூட்டினர். இவ்விரு ஆபத்துகளையும் அவர் கண்டார்.

இளம் மருத்துவரான தியோடர் சிமோனுடன் இணைந்து 1905-இல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்களால் பின்தொடர்வதில் தொடங்கி, நுண்பொருள் சொற்களை வேறுபடுத்துவது வரை அது நீண்டது. சோதனை அமைதியான அறையில் நடக்க வேண்டும். குழந்தைக்கு அறிமுகமான ஒருவர் உடனிருப்பது நல்லது. ஆனால், அவர் குறுக்கிடலாகாது என்றெல்லாம் இருவரும் வழிகாட்டினர். குழந்தை எத்தனை ஆண்டுகள் பின்தங்கியுள்ளது என்பதோடு, பள்ளிக்கு ஒழுங்காக வந்ததா என்பதையும் பார்க்கச் சொன்னார்கள். பள்ளித் தலைவர் விக்டர் வானேயின் துணையோடு பாரிஸ் பள்ளியொன்றில் பினே ஆய்வுக்கூடம் அமைத்தார். கரும்பலகை தெரியாததால் பின்தங்கும் குழந்தைகளை இனங்காண, ஆசிரியர்களே கண்பார்வையைச் சோதிக்கும் முறையும் அவரது முயற்சியால் உருவானது.

1909 ஏப்ரல் 15-இல் சிறப்பு வகுப்புகளுக்கான சட்டம் பிரான்ஸில் நிறைவேறியது. தொடக்கக் கல்வி ஆய்வாளர், சிறப்புப் பள்ளியின் தலைவர் அல்லது ஆசிரியர், மருத்துவர் ஆகிய மூவரும் கூடியே குழந்தையைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். அந்தச் சோதனைக்குக் குடும்பத்தார் ஒருவரையும் அழைக்க வேண்டும் என்றது அச்சட்டம்.

அதே ஆண்டில் வெளியான நூலில், அறிவு பிறப்பிலேயே அளந்து வைக்கப்பட்டது என்ற எண்ணத்தைப் பினே கண்டித்தார். கவனத்தையும் நினைவாற்றலையும் விளையாட்டுகள் வழியே வளர்க்கலாம் என்று நம்பினார். 1911-இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே வில்லியம் ஸ்டெர்ன் மன வயதை உண்மை வயதால் வகுக்கும் முறையை முன்மொழிந்தார். 1916-இல் அமெரிக்காவில் டெர்மன் அதை நுண்ணறிவு ஈவாகப் பரப்பினார். உதவி தேவைப்படும் குழந்தையைக் கண்டறியப் பிறந்த அளவுகோல், மனிதர்களைத் தரம் பிரிக்கும் கருவியாயிற்று.

பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில், இவ்வீழ்ச்சி எனக்குப் புதிதன்று. தனிநபர் வருமானம் என்ற ஒற்றை எண் ஒரு நாட்டின் பசியை மறைத்துவிடும். அதுபோல, ஒற்றை ஈவு ஒரு குழந்தையின் தேவையை மறைத்துவிடும்.

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் அங்கீகரித்துள்ளது. சான்றிதழ் பெறுவதோடு கடமை முடிந்துவிடாது. வகுப்பறையில் காண்பதை ஆசிரியரும், வீட்டில் காண்பதைப் பெற்றோரும், சோதனையில் காண்பதை வல்லுநரும் ஒரே மேசையில் வைத்துப் பேச வேண்டும். குழந்தை எவ்வளவு குறைந்துள்ளது என்பதைவிட, நாளை முதல் அதற்கு யார் என்ன செய்யப்போகிறோம் என்பதே அக்கூட்டத்தின் கேள்வியாக இருக்க வேண்டும். பினேக்கு நாம் செலுத்தும் உண்மையான மரியாதை அதுவே.